நாற்காலியில் ஒருவர், நின்றபடி ஒருவர்: ஒரு தோட்டப் பட்டணத்து இரட்டை உருவப்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் கெடா மாநிலத் தென்பகுதியில், கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையே உள்ள ஒரு தோட்டப் பட்டணம். ஒரே நேர்த்தெரு, இருபுறமும் கடைவரிசை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி, தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். மழை விட்ட காலையில் ஜெராய் மலை தெரியும். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தாக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். இன்று செம்பனை, அதற்கு நடுவே தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த தலைமுறை தாமானுக்குக் குடிபோய்விட்டது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கும்பாபிஷேகத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது இது நடந்தது. அப்போது நான் திருப்பணிக் குழுவின் செயலாளர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாதவன். கோயிலை ஒட்டிய பழைய மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவாகியிருந்தது. மண்டபத்துக்கு நிலமும் முதல் கட்டடமும் கொடுத்தவர் 1950களில் இங்கே லோரி வைத்துத் தொழில் செய்த ஒருவர். இதில் அவரை லோரி ஐயா என்று சொல்கிறேன். ஊரில் வழங்கிய பெயர் வேறு. அதையும் மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன். அவருடைய பேரன் புதிய மண்டபத்துக்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லியிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்தத் தொகை எங்கள் மனத்தில் இருந்தது.

படம் கிடைத்தது

சாமான் அறையைக் காலி செய்தபோது, மரப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு படம் நின்றிருந்தது. அகலம் மூன்றடி, உயரம் நாலடி இருக்கும். சட்டத்தின் கீழ்ப்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. விளக்குப் புகையும் சூடப்புகையும் படிந்து படமே காப்பி நிறமாகியிருந்தது.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலைப்பாகை, சரிகை அங்கவஸ்திரம், மடியில் கைக்கடிகாரம் தெரியும்படி வைத்த இடது கை. முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. இவர் லோரி ஐயா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, இதே முகம் போட்டோவாகக் கோயில் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. நாற்காலிக்குப் பின்னால் ஒல்லியான ஒருவர் நிற்கிறார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருக்கிறார், உடம்பு பக்கவாட்டில், தலை மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு கை நாற்காலியின் முதுகில்.

யார் இவர் என்று கேட்டதற்கு அன்று மூன்று பதில் வந்தது: கணக்கப்பிள்ளை, தம்பி, டிரைவர்.

என் தவறு

மறுநாள் குழுவிலிருந்த ஒரு இளைஞர், "அண்ணே, கொஞ்சம் தின்னர் போட்டுத் தொடச்சா பளிச்சுனு ஆயிடும்" என்றார். கார் பட்டறையில் வேலை செய்பவர், கைவேலை சுத்தம். நான் சரி என்றேன். துடைப்பதற்கு முன் ஒரு போட்டோகூட எடுக்கச் சொல்லவில்லை.

வலது பக்கத்தில், நிற்பவரின் கைக்கு அருகே தொடங்கினார். துணியில் புகைக்கறை வந்தது, அதோடு காவி நிறமும் வந்தது. அவர் நிறுத்துவதற்குள் நிற்பவரின் ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. காவி கரைந்த இடத்தில், அடியிலிருந்து மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அந்தக் கோடுதான் பிறகு எல்லாவற்றுக்கும் சாட்சி ஆனது. அதனால் சிலர், "நல்லதுக்குத்தான் நடந்துச்சு" என்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. விரல் போனது போனதுதான். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கத் தின்னர் தேவைப்பட்டிருக்காது என்பதும் இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது.

அன்று மாலையே படத்தை வெள்ளைத்துணியில் சுற்றி, தரையில் படாமல் மேசைமேல் கிடத்தினோம். யாரும் தொடக்கூடாது என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். தின்னர் விஷயத்தையும் எழுதினேன்.

கண்டவை

நேர்த்தெருவில் முன்பு ஓவியம் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரும், அவர் மூலமாகப் பினாங்கிலிருந்து எண்ணெய் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெண்மணியும் வந்தார்கள். பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் படத்தைத் திருப்பினார்கள். நாங்கள் யாரும் அதுவரை பின்பக்கத்தைப் பார்க்கவில்லை! ஓவியர்கள் கடையில் வாங்கும் துணி அல்ல அது, லோரியில் சுமையை மூடும் கித்தான். ஓரத்தில் கயிறு கோக்கும் பித்தளைக் கண்கள் இரண்டு அப்படியே இருந்தன. ஆக, படம் வரையத் துணி கொடுத்தவரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. கித்தாக் காட்டு ஊரில் கித்தான் படம் என்று ஆசிரியர் சிரித்தார்.

பின்பக்கத்தில் கறுப்புச் சாயத்தில் "விஜய வருடம் தை" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. தமிழ் ஆண்டு அறுபதுக்கொருமுறை திரும்பும்: விஜய வருடத்துத் தை என்றால் 1894, 1954, 2014 இவற்றின் தொடக்கம். 1894இல் இந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டமே கிடையாது, லோரியும் கிடையாது. 2014இல் அந்தப் பீரோவை யாரும் நகர்த்தவில்லை. எனவே 1954. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த நாட்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கொரியப் போரால் 1950, 51இல் ரப்பர் விலை ஏறியது. லோரி வைத்திருந்தவர் கையில் காசு புழங்கியது வியப்பில்லை.

அடுத்து ஊதா விளக்கு, அதாவது புறஊதா ஒளி தரும் விளக்கு. பினாங்குப் பெண்மணி கொண்டுவந்தது பெரியது. ஆனால் நகைக்கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் சின்ன விளக்கிலும் அதே வித்தியாசம் தெரிந்ததைப் பிறகு நானே சோதித்தேன். துத்தநாக வெள்ளை இந்த ஒளியில் மஞ்சள்பச்சையாக ஒளிரும். டைட்டானிய வெள்ளை ஒளிராமல் இருண்டு நிற்கும். அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தால், உட்கார்ந்தவரின் வேட்டியும் நின்றவரின் சட்டையும் ஒரே மாதிரி ஒளிர்ந்தன. இரண்டும் ஒரே டப்பாச் சாயம் என்று இதை வைத்து மட்டும் சத்தியம் செய்ய முடியாது. ஒன்று 1954, மற்றது பல ஆண்டு கழித்து என்று சொல்வது மட்டும் கடினமாகிவிட்டது. நின்றவரின் கையைச் சுற்றி, நாற்காலியின் காவி நிறத்திலேயே ஒரு திட்டு மட்டும் கன்னங்கரேலென்று தனியாகத் தெரிந்தது. பகலில் கண்ணுக்குப் பிடிபடாத திட்டு. பின்னால் யாரோ பூசியது.

மூன்றாவது சோதனைக்குச் செலவே இல்லை. ஒரு கைவிளக்கைப் படத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் சாயத்தின் மேடுபள்ளம் தெரியும். நாற்காலி முதுகின் கோடு விரல்களின் ஓரம்வரை வந்து நிற்கிறது, விரல்களுக்கு அடியில் ஓடவில்லை. கைக்கு இடம் விட்டுவிட்டுத்தான் நாற்காலியை வரைந்திருக்கிறார்கள். நிற்பவர் பிறகு நுழைந்தவர் அல்ல, தொடக்கத்திலிருந்தே படத்தில் இருப்பவர். கரிய திட்டுக்கு அடியில் மேடாக ஒரு நீளக் கோடு விரல்களிலிருந்து கீழ்நோக்கிப் போகிறது. தின்னர் திறந்துவிட்ட மஞ்சள் கோடு அதன் நுனி.

கையிலே தூரிகை. அதை யாரோ பிறகு நாற்காலி நிறத்தால் மூடியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. உட்கார்ந்தவரின் நெற்றியில் குங்குமத் தூள் சாயத்தோடு ஒட்டியிருந்தது. வரைந்த பொட்டு அல்ல, ஆண்டாண்டாகப் பூசையில் வைத்த பொட்டு. நின்றவரின் நெற்றியில் எதுவும் இல்லை.

இரண்டு வீட்டார்

ஊதா விளக்கு சொன்னதைப் பேரனிடம் தெரிவிக்கும் முன்பே ஒரு சிக்கல் முளைத்திருந்தது. கும்பாபிஷேகப் பேனர் அச்சுக்குப் போய்விட்டது. இளைஞர் எடுத்துக் கொடுத்த படத்திலிருந்து லோரி ஐயாவை மட்டும் வெட்டியெடுத்து, நின்றவரை நீக்கி, நாற்காலி முதுகில் அனாதையாக இருந்த கையையும் கணினியில் அழித்திருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அச்சகத்தில் கேட்டபோது, "யாருன்னு தெரியாத ஆள எதுக்குப் போடணும்னு நெனச்சோம்" என்றார்கள். பேனர் வந்து மடித்தபடி அலுவலகத்தில் கிடந்தது.

நின்றவரை அடையாளம் காட்டியவர் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. முன்பு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். கோயிலுக்குப் பூத்தொடுக்க வந்தவர் மேசையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம போர்டுக்காரருல்ல" என்றார். கடைப் பலகை, லோரிக் கதவில் பெயர், கோயில் சுதைக்கு வண்ணம், திருவிழாவுக்குத் திரைச்சீலை, எல்லாம் அவர்தான் என்றார். மண்டபத்துக்கு வாரம் மூன்று தடவை வரும் அந்தப் பாட்டியிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் பதினொரு பேர் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போர்டுக்காரரின் மகள் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடியில் இருக்கிறார். நானும் ஆசிரியரும் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது: கோபுரச் சுதை வேலைக்குக் கூலி பாக்கி இருந்தது, கேட்டுக் கேட்டு வரவில்லை, "என்னையும் பக்கத்துல நிக்கவச்சு வரைஞ்சிக்கிறேன், கணக்கு முடிஞ்சிரும்" என்று அப்பா சொன்னார், லோரி ஐயா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதில் பெருமை என்றுதான் சொன்னார். ஐயாவைப் பற்றித் தப்பாக எழுதிவிடாதீர்கள் என்றும் இரண்டு முறை சொன்னார்.

குழுக் கூட்டத்தில் பேரன் இதைக் கேட்டதும் முகம் சிவந்தார். யாருக்கும் கூலி பாக்கி வைக்காதவர் தன் தாத்தா என்றார். மறுவாரம் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தோடு வந்தார். அதில் தை மாதம் "படம் வகை" என்று ஒரு தொகை பற்று எழுதியிருந்தது. காசு கொடுத்து வரைந்த படம், எனவே உரிமை எங்களுக்கு, யாரை வைப்பது யாரை எடுப்பது என்பதும் எங்கள் விருப்பம் என்றார்.

கணக்குப் புத்தகம் பொய் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை, மகள் பொய் சொல்கிறார் என்றும் நினைக்கவில்லை. படத்துக்குக் காசு கொடுத்திருக்கலாம், கோபுரக் கூலி நின்றிருக்கலாம். இரண்டும் ஒரே மனிதரிடம் நடக்கக் கூடியவை, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

கூட்டம்

முடிவெடுக்க வேண்டியவை மூன்று. மூடிய தூரிகையை வெளியே கொண்டுவருவதா? படத்தை எங்கே மாட்டுவது? கீழே என்ன எழுதுவது?

கூட்டத்தில் பேரனின் மாமா, "ஐயா உக்காந்திருக்க, வேலைக்கு வந்தவரு எப்படிப் பக்கத்துல நின்னு தன்னையே வரைஞ்சிக்குவாரு" என்று கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். ஆசிரியர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஆன்டனி வான் டைக் என்ற பிளெமிய ஓவியர் 1635 வாக்கில் வரைந்த படம் அது. தன்னையும் தன் நண்பரும் ஆதரவாளருமான எண்டிமியன் போர்ட்டரையும் ஒரே நீள்வட்டத்துக்குள் வைத்திருக்கிறார். இப்போது மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்ட்டர் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸின் அரண்மனையைச் சேர்ந்தவர், மன்னருக்காக ஓவியங்கள் வாங்கித் தந்தவர். அவர் வெளிர்ப்பட்டில், அகலமாக, நேராக நிற்கிறார். ஓவியர் கறுப்பு உடையில், மெலிந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு தோளுக்கு மேலாகப் பார்க்கிறார். இருவர் கையும் ஒரே பாறைமேல். 1632இலேயே மன்னரிடம் சர் பட்டம் வாங்கியவர் வான் டைக். அப்படிப்பட்டவரே ஆதரவாளருக்கு ஒளியையும் அகலத்தையும் விட்டுக்கொடுத்து, தனக்கு ஓரத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் சட்டத்துக்குள் நின்றார் என்றார் ஆசிரியர்.

"அது வெள்ளக்காரன் ஊரு வழக்கம்" என்றார் மாமா. ஆசிரியர் பக்கத்தைத் திருப்பினார். மொகலாய ஓவியர் பிச்சித்ர், ஜஹாங்கீர் பாதுஷா ஒரு சூஃபிப் பெரியவருக்கு நூல் வழங்கும் படத்தில் இடது கீழ்மூலையில் தன்னையும் வரைந்திருக்கிறார், கையில் ஒரு சிறு ஓவியத்தோடு. அந்த மூலையில் வரிசையாக நிற்பவர்களில் எல்லோருக்கும் கீழே அவர். கையெழுத்தைப் பாதுஷா ஏறும் படிப்பலகையில் போட்டிருக்கிறார். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவரு பணிவா இருக்காரு" என்றார். யாரோ சிரித்தார்கள், பிறகு மாமாவும் சிரித்தார்.

எங்கள் போர்டுக்காரர் வான் டைக்கைப் பார்த்து வரைந்தார் என்று இப்போது ஊரில் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதை நான் நம்பவில்லை. ஒருவர் நாற்காலியில், ஒருவர் பின்னால் நின்று முதுகில் கைவைத்து: அந்தக் கால ஸ்டூடியோ போட்டோக்களில் எங்கள் வீட்டிலேயே நாலைந்து இருக்கும். அண்ணன் தம்பி அப்படி எடுத்துக்கொள்வார்கள், கணவன் மனைவி எடுத்துக்கொள்வார்கள். போர்டுக்காரர் எடுத்தது அந்த நிலையைத்தான். என் கண்ணுக்கு, மாட்ரிட் படத்தைவிட இதுதான் துணிச்சல்.

உரிமை பற்றிய கேள்விக்கு, குழுவிலிருந்த வழக்கறிஞர் ஒருவர் பொதுவிதியைச் சொன்னார். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்வித்தவருக்குப் போகும். ஆனால் படைத்தவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும், படைப்பைச் சிதைக்கக்கூடாது என்று சொல்லும் உரிமையும் படைத்தவருடையவை. படம் என்ற பொருள் கோயில் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. பேரன் அதற்குமேல் வாதாடவில்லை.

முடிவுகள் இவை. தூரிகையைத் திறக்க வேண்டாம். பினாங்குப் பெண்மணியின் ஆலோசனையும் அதுவே: மேல்பூச்சைக் கரைக்கும் மருந்து அடிச்சாயத்தையும் தொடும், ஏற்கெனவே ஒரு விரல் போயிருக்கிறது. அதற்குப் பதில் ஊதா ஒளியில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் மாட்டுவது. யார் மூடினார்கள் என்று விசாரிப்பதில்லை என்றும் தீர்மானித்தோம். மூடியவர் உயிரோடு இருந்தால் அவருக்கும், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கும் அவமானம்தான் மிஞ்சும். பொட்டைத் துடைக்க வேண்டாம். எழுத்துப் பலகையில் இருவர் பெயரும், நிற்பவரே வரைந்தவர் என்பதும், 1954 என்பதும் மட்டும். கூலிக் கதையும் கணக்குப் புத்தகமும் பலகையில் வேண்டாம். மகளின் பேச்சை ஒலிப்பதிவாகவும் கணக்குப் பக்கத்தை நகலாகவும் கோயில் அலமாரியில் ஒரே உறையில் வைத்தோம்.

பலகையில் கூலிக் கதையை விட்டதுதான் எனக்கு இன்றும் உறுத்தல். மகள் கேட்டுக்கொண்டதால் விட்டோம் என்று சொல்லலாம். பேரன் தருவதாகச் சொன்ன தொகையும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

சுத்தம் செய்தது

பெண்மணி பஞ்சுக்குச்சியை நாக்கில் ஈரப்படுத்தித் துடைக்கத் தொடங்கினார். எச்சிலில் இருக்கும் நொதிகள் புகைக்கறையை மெதுவாக விடுவிக்கும், பெரிய அருங்காட்சியகங்களிலும் செய்வதுதான் என்று விளக்கினார். பூசாரி பார்த்துவிட்டார். கோயிலுக்குள், பொட்டு வைத்த படத்தில் எச்சிலா! அரைமணி நேரம் வேலை நின்றது. யார் சொன்னதும் தப்பில்லை. கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாறினார், இரண்டு நாள் வேலை ஐந்து நாளானது. கூலி 1,800 வெள்ளி (ரிங்கிட்), கூடுதல் நாளுக்கு அவர் காசு வாங்கவில்லை.

வார்னிஷ் வேண்டாம் என்றார். ஓவியத்துக்குப் பூசும் டாமர் என்பது இந்தப் பக்கத்துக் காட்டு மரப் பிசின்தான், மலாய்ச் சொல்லே உலகமெங்கும் போயிருக்கிறது, நம் குங்கிலியத்துக்கு உறவு. அழகாக இருக்கும், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும், பிறகு அதையும் எடுக்க வேண்டிவரும்.

அதன் பிறகு

பேனரைத் திரும்ப அச்சடித்தோம், இருவரும் இருக்கும்படி. 260 வெள்ளி. அதை என் கையிலிருந்து கொடுத்தேன்.

பேரன் கும்பாபிஷேகத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். சொன்ன தொகையில் பாதிதான் வந்தது. மீதியைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் இன்னும் மின்விசிறி இல்லை. ஆனால் அடுத்த ஆடித் திருவிழாவில் அவரே போர்டுக்காரரின் மகளைக் காரில் அழைத்துவந்தார். அந்த அம்மா படத்துக்கு முன் வெகுநேரம் நின்றார். "காது இவ்வளவு பெருசா இருக்காது" என்றார். "அப்பா தன்னை எப்பவும் கொஞ்சம் கிண்டலாத்தான் வரைவாரு."

இப்போது சில கிழவிகள் இருவர் நெற்றிக்கும் நேராக, கண்ணாடியின்மேல் குங்குமம் வைக்கிறார்கள். பலகையில் அதைத் தடுத்து எழுதலாமா என்று பூசாரி கேட்டார். கண்ணாடிமேல்தானே, விடுங்கள் என்றோம்.

அந்தக் கண்ணாடியில்தான் அடுத்த பிழை. புகை படாமல் இருக்க அக்ரிலிக் தகடு போட்டோம். சட்டம் செய்தவர் தகட்டைச் சாயத்தை ஒட்டியே பொருத்திவிட்டார். நம் ஊர்ப் புழுக்கத்தில் எட்டே மாதத்தில் கீழ்மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை. பெண்மணியை மறுபடியும் அழைத்து, ஓரமெங்கும் மெல்லிய மரச்சட்டம் வைத்துத் தகட்டை அரை அங்குலம் விலக்கி, பின்பக்கத்தையும் சுவரிலிருந்து காற்றோட்டமாகத் தள்ளி மாட்டினோம். அதன்பின் பூஞ்சை வரவில்லை.

இன்று இதே நிலை வந்தால்

எதையும் தொடும் முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் என்று போட்டோ எடுப்பேன். தின்னர், மண்ணெண்ணெய், சவர்க்காரம் எதுவும் அருகே வராது. இருண்ட அறையில் நகைக்கடை விளக்கு, படுக்கையாகப் பிடித்த கைவிளக்கு: இரண்டுக்கும் செலவு முப்பது வெள்ளிகூட ஆகாது. முதல் நாளே அவற்றால் பார்த்திருந்தால் அந்த விரல் இருந்திருக்கும்.

யார் என்று தெரியாத ஒருவர் படத்தில் இருந்தால், அவரை நீக்கி எதையும் அச்சடிக்க விடமாட்டேன். குழுவிடம் கேட்கும் முன் பூத்தொடுப்பவர்களிடமும் சமையற்கட்டில் இருப்பவர்களிடமும் கேட்பேன். இரு வீட்டாரையும் பொதுக்கூட்டத்துக்கு முன் தனித்தனியே சந்தித்து, கூலி பாக்கி போன்ற செய்தியைப் பேரன் கூட்டத்தில் முதன்முறையாகக் கேட்காதபடி பார்த்துக்கொள்வேன். அவர் முகம் சிவந்ததற்குப் பாதிக் காரணம் செய்தி, மீதிப் பாதி பதினொரு பேர் முன்னால் கேட்டது. எச்சில் பற்றிப் பூசாரியிடம் முதலிலேயே சொல்லி, படத்தைக் கோயிலுக்கு வெளியே, பள்ளி அறையில் வைத்து வேலை செய்யச் சொல்வேன்.

நன்கொடை வரும் வீட்டாரைப் பற்றிய முடிவை நன்கொடைத் தொகை முடிவாகும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்று குழுவில் முன்மொழிந்திருக்கிறேன். இன்னும் ஏற்கவில்லை.

அலமாரியில் உள்ள உறையை மகளின் காலத்துக்குப் பிறகு திறந்து, பலகையை மாற்றி எழுதலாம் என்று பேரனும் நானும் ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறோம். அது அவர் யோசனை.